கதையின் விசை யார் கையில்?

தியானப் பகுதி: 2 சாமுவேல் 12:1–15, 1 கொரிந்தியர் 12:12–27



கைப்பேசியில் கதை வாசிக்கிற, கதை எழுதுகிற, கதையோடே பேசுகிற நம்முடைய பிள்ளைகளைக் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். கேரக்டர் ஏஐ என்னும் செயலியை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதன் பெயர் தெரிந்திருக்கக்கூடும். கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய நோம் ஷசீர், டேனியல் டி ஃப்ரெய்டாஸ் என்னும் இரு பொறியாளர்கள் 2021-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அரசன், துப்பறிவாளன், திரைக்கதை நாயகன், நெருங்கிய தோழி என விரும்பிய பாத்திரத்தை அதில் ஒருவர் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தாமே உருவாக்கலாம். அந்தப் பாத்திரம் அவரோடு பேசும். அவர் எழுத எழுத அது பதில் எழுதும். கதை எங்கும் முடியாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தோடு பல மாதங்கள் பேசிப் பேசி, அதன்மீது ஆழ்ந்த பற்று வைத்து, 2024 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய தாய் அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றத்தை நாடினார். வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 2025 அக்டோபர் இறுதியில் அந்நிறுவனம் ஒரு தீர்மானத்தை அறிவித்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பாத்திரங்களோடு வரம்பின்றி உரையாடுவது நவம்பர் 25-ஆம் தேதிக்குள் முற்றிலும் நிறுத்தப்படும் என்றது. அதற்கு ஈடாக 'ஸ்டோரீஸ்' என்ற புதிய கதை வடிவத்தை அந்த நவம்பரிலேயே அறிமுகப்படுத்தியது. சில பாத்திரங்களையும் ஒரு கதைவகையையும் வாசகர் தெரிந்துகொள்வார். கதை நகரும். ஆங்காங்கே வழி பிரியும். எந்த வழியில் செல்வது என்று அவரே தீர்மானிப்பார்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவர வேண்டிய நம் கொல்லிமலைக்கு இது எவ்வளவோ தொலைவான செய்தி என்று நினைக்க வேண்டாம். பேருந்துக்குத்தான் வளைவுகள் உண்டு. அலைபேசிக் கோபுரம் எட்டும் இடமெல்லாம் செயலியும் எட்டும். மிளகும் காப்பியும் பயிரிடுகிற திருப்புலி நாட்டு வீட்டிலும், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பிள்ளையின் உள்ளங்கையில் ஒளிர்வது ஒரே திரைதான்.

முதலாவது ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். கதை பாவமல்ல. நம் ஆண்டவர் கதை சொல்லியே பரலோக ராஜ்யத்தை விளக்கினார். கேட்பவரையும் கதைக்குள் இழுப்பதும் புதிதன்று. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை வாசித்து வளர்ந்தவர்களுக்கு விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம் நினைவிருக்கும். கதையைச் சொல்லி முடித்து, அது கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். எப்படியும் கேட்டவன் சும்மா போக முடியாது.

வேதாகமத்திலும் இந்த வடிவம் உண்டு. யோனாவின் புத்தகம் ஒரு கேள்வியோடு முடிகிறது. அந்தக் கேள்விக்கு யோனா என்ன பதில் சொன்னான் என்று அதில் எழுதப்படவில்லை. லூக்கா 15-இல் மூத்த குமாரன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. அந்த முடிவை எழுதும்படி, கேட்டுக்கொண்டிருந்த பரிசேயரிடமும், இன்று வாசிக்கிற நம்மிடமும் எழுதுகோலைத் தந்துவிட்டார். ஆயினும் அதை நாம் தாளில் எழுத முடியாது. எழுந்து, நடந்து, சகோதரன் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்துதான் எழுத வேண்டும்.

இவற்றுள் கூர்மையானது நாத்தான் தாவீதிடம் சொன்ன கதை. ஓர் ஐசுவரியவான், ஒரு தரித்திரன், அந்தத் தரித்திரன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டி. விருந்தாளி வந்தபோது ஐசுவரியவான் தன் மந்தையை விட்டுவிட்டு ஏழையின் குட்டியை எடுத்துச் சமைத்துவிட்டான். இவ்வளவு சொல்லிவிட்டு நாத்தான் நிறுத்துகிறார். முடிவைத் தாவீதே சொல்கிறான். அந்த மனிதன் சாகவேண்டும், நான்கு மடங்கு திருப்பிச் செலுத்தவேண்டும் என்று கோபத்தோடு தீர்ப்பளிக்கிறான். கதையின் கிளை எது என்று தேர்ந்தெடுத்தவன் அவனே. அதற்குப் பின்தான் அந்த மனிதன் அரசனே என்று தீர்க்கதரிசி வெளிப்படுத்துகிறார். பத்சேபாளும் உரியாவும் அங்கே அந்தக் கதைக்குள்ளேயே இருந்தார்கள்.

கவனியுங்கள். தாவீது முடிவைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் கதையின் விசை அவன் கையில் இல்லை. பிடிக்கவில்லை என்று ஒரு படி பின்னே போய் வேறு தீர்ப்பை அவன் தெரிந்துகொள்ள முடியவில்லை. கதையை அணைக்க முடியவில்லை. அவனுக்கு முன்பாகக் கண்களால் அவனைக் காண்கிற ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதரை அனுப்பியவர் கர்த்தர். ஆகையால் அந்தக் கதை அவனை உடைத்தது. உடைத்ததினால் அவனைக் காப்பாற்றியது.

1979-இல் எட்வர்ட் பேக்கர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர், வாசகனே வழியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் புரட்டிச் செல்லும் சிறுவர் நூல் ஒன்றை வெளியிட்டார். அவ்வகை நூல்கள் உலகெங்கும் பரவின. அவற்றை வாசிக்கும் சிறுவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முந்தைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே பாத்திரம் செத்துப்போனால் விரல் வைத்த பக்கத்துக்குத் திரும்பிவிடலாம். விளையாட்டாக இருக்கும்வரை இதில் தீங்கில்லை. ஆனால் விரலை எடுக்காமலேயே வாழப் பழகிவிட்ட மனம், திரும்பிப் போக முடியாத முதல் துக்கத்தை எப்படித் தாங்கும்?

இப்போது அந்தப் புதிய விதிமுறைக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு வரம்பற்ற உரையாடலை நிறுத்தியது சரியான தீர்மானம் என்பது என் கருத்து. தாமதமாக வந்தாலும் அது சரியே. கதைக்கும் முடிவற்ற உரையாடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கதையில் பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். வாசகன் சற்று விலகி நின்று பார்க்கிறான். உரையாடலிலோ அந்த விலகல் மறைந்துவிடுகிறது. பாத்திரம் அவனிடமே பேசுகிறது, அவனையே புகழ்கிறது, அவனுக்காகவே காத்திருப்பதாகச் சொல்கிறது. கதைக்கு ஓர் இறுதிப் பக்கம் உண்டு. அந்த உரையாடலுக்கு விடியற்காலையிலும் இறுதிப் பக்கம் இல்லை.

நம் மலையைப் பற்றி வழங்கும் பழங்கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை, காண்போரைத் தன் அழகாலும் நகைப்பாலும் மயக்கி உயிரை வாங்கிவிடும் என்பார்கள். கைவேலையால் ஆன ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது, அதற்குள் இதயம் இருப்பதாக மனிதன் எளிதில் நம்பிவிடுகிறான். விக்கிரகங்களுக்கு வாய் இருந்தும் பேசாது, காது இருந்தும் கேட்காது என்று 115-ஆம் சங்கீதம் சொல்கிறது. நம் காலத்தின் பாவை பேசுகிறது. எந்நேரமும் இனிமையாகப் பேசுகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் அழுகையைக் கேட்டு எழுந்து வந்து கதவைத் தட்ட அதனால் முடியாது. அந்தச் சங்கீதத்தின் பாதி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆகையால் வேலி வேண்டும். எனினும் வேலி எழுப்பப்பட்டுவிட்டது என்று மேய்ப்பன் உறங்கலாமா? விதிகளின் எல்லையை இரு காரியங்கள் நமக்குக் காட்டுகின்றன.

ஒன்று, விதிமுறை சொற்களைப் பார்க்கிறது, இருதயத்தைப் பார்ப்பதில்லை. 2019-இல் வெளிவந்த ஏஐ டஞ்சன் என்ற கதைச் செயலி, 2021 ஏப்ரலில் சிறுவர்களைத் தவறாகச் சித்திரிக்கும் கதைகளைத் தடுக்க ஒரு வடிகட்டியைப் பொருத்தியது. நோக்கம் முற்றிலும் நியாயமானது. ஆனால் குற்றமற்ற கதைகளும் அதில் சிக்கின. தங்கள் தனிப்பட்ட கதைகளை நிறுவனத்தார் வாசிக்கக்கூடும் என்று அறிந்த பயனாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கண்ணியைச் சிறிதாக்கினால் நல்லதும் மாட்டும், பெரிதாக்கினால் தீயதும் நழுவும். எந்த வலைக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

மற்றொன்று, சட்டம் கேட்கும் சம்மதம். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்த அனைவரையும் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீட்டு நிலவரத்தை எண்ணிப் பாருங்கள். கைப்பேசி தகப்பன் பெயரில் இருக்கிறது. அதில் வந்து விழும் ஓடிபியை வாசித்துச் சொல்கிறவன் மகன். சம்மதம் என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துகிற விரலும் அவனுடையதே. அப்பாவின் சம்மதம் அப்பாவுக்கே தெரியாமல் பதிவாகிவிடுகிறது.

இந்த மலையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை இதற்கு அருமையான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் கொல்லிமலையில் ஊழியம் செய்தார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலால் மரித்து, தாம் நேசித்த இந்த மலையிலேயே அடக்கம்பண்ணப்பட்டார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் இங்கே பிறந்தவர். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகித் தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் சீராக்கப் பாடுபட்டார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலியை உணரும் நரம்பு செத்துப்போவதால் தீயில் சுடுவதும் முள்ளில் தைப்பதும் தெரியாமல் கையும் காலும் காயப்பட்டே சிதைகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி தேவன் தந்த ஈவு என்பது அவருடைய வாழ்நாள் சாட்சி.

பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அவரும் உடன் பணியாளர்களும் செயற்கையான வலியை உருவாக்க முயன்றார்கள். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் காதில் ஓசை எழும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு ஒளிரும்படி செய்தார்கள். அதையும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், உணர்வு மாறாத ஓரிடத்தில் மின் அதிர்ச்சி தரும்படி அமைத்தார்கள். அப்பொழுது என்ன நடந்தது தெரியுமா? அதிர்ச்சி தரும் வேலையைச் செய்யுமுன் அவர்கள் கருவியை அணைத்தார்கள். வேலையை முடித்தபின் மீண்டும் இயக்கினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வலி மனிதனைக் காக்கவேண்டுமானால் அதன் விசை அவனுக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும் என்று பால் பிராண்ட் உணர்ந்தார்.

பிரியமானவர்களே, செயலியின் எச்சரிக்கைகள் எல்லாம் அந்தக் கையுறையின் ஓசையைப் போன்றவை. ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று திரை சொல்லும். விரல் அதைத் தள்ளிவிடும். உன் வயது என்ன என்று கேட்கும். விரல் வேறோர் ஆண்டைக் காட்டும். ஒரு கதவை அடைத்தால், விதிமுறையே இல்லாத வேறொரு செயலியின் கதவு திறந்திருக்கும். விசை நம் கையில் இருக்கும்வரை எச்சரிக்கை நம்மைக் காப்பதில்லை.

அப்படியானால் எட்டாத இடத்தில் இருக்கும் வலியைத் தேவன் எங்கே வைத்திருக்கிறார்? சரீரத்தில் வைத்திருக்கிறார். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் அதனோடே பாடுபடும் என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய சத்தியம். என் கையின் வேதனையை என் சகோதரன் உணர்கிறான். அவன் உணர்வதை என்னால் அணைக்க முடியாது. ஒரு பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுவதைத் தாய் காண்கிறாள். ஓய்வுநாள் பள்ளியில் வழக்கமாகப் பாடுகிறவன் மூன்று வாரமாகப் பாடவில்லை என்பதை ஆசிரியர் கவனிக்கிறார். சபையின் நரம்பு இதுவே. எந்தச் செயலிக்கும் இதை எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் இந்த நரம்பு நம்மில் உயிரோடிருக்கிறதா? இங்கே ஒரு கசப்பான உண்மையை நாம் கேட்டாக வேண்டும். இளைஞர்கள் ஏன் இயந்திரத்திடம் மனம் திறக்கிறார்கள்? அது திட்டுவதில்லை. அது சலித்துக்கொள்வதில்லை. அது வெளியே சொல்லாது என்று அவர்கள் நம்புகிறார்கள். நம் சபைகளிலோ சனிக்கிழமை ஒருவரிடம் கண்ணீரோடு சொன்ன காரியம், ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பாக எல்லார் காதிலும் விழுந்துவிடுகிறது. ஜெபத்தின் பெயரால் பரவுகிற புறணியும் புறணியே. ஒரு வாலிபன் சந்தேகத்தைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்கிறோம். ஒரு பெண்பிள்ளை துக்கத்தைச் சொன்னால் வசனம் ஒன்றைச் சொல்லி வாயடைக்கிறோம். பின்பு, இவர்கள் பாவையோடு பேசுகிறார்களே என்று வியக்கிறோம். நாத்தானும் அரண்மனைக்குப் போய்த் தாவீதின் முகத்துக்கு முன்னே பேசினார். சந்தை வெளியில் நின்று பேசவில்லை.

எனவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோரே, கைப்பேசியைப் பிடுங்குமுன் அதில் ஓடுகிற கதையைக் கேளுங்கள். இந்தப் பாத்திரம் யார், நீ எந்த வழியைத் தேர்ந்தாய், ஏன் தேர்ந்தாய் என்று கேளுங்கள். பிள்ளை தேர்ந்தெடுக்கும் கிளைகளில் அவனுடைய பயமும் ஆசையும் தெரியும். இரவில் கைப்பேசிகள் அனைத்தும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும். உங்கள் பெயரில் சம்மதம் கேட்டு வரும் செய்தியை நீங்களே வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குச் சபையின் வாலிபர் ஒருவர் வாசித்துச் சொல்லட்டும். அதுவும் ஊழியமே.

வாலிபப் பிள்ளைகளே, பிரதிலிபியிலோ வாட்பேடிலோ நீங்கள் எழுதுவதை நான் தடுக்கவில்லை. தமிழில் எழுதுங்கள். நம் மலையின் கதைகளை எழுதுங்கள். ஆனால் விதிமுறை அனுமதிக்கிறதா என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். என் கதையை வாசித்து முடிக்கிறவர் தன் வீட்டாரை இன்னும் அதிகமாய் நேசிக்கும்படி எழும்புவாரா என்றும் கேளுங்கள். உங்கள் துக்கத்தை ஒரு பாத்திரத்திடம் சொல்லியிருந்தால், அதே துக்கத்தை இந்த வாரமே ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சிறுவர்களுக்கு 1098 உண்டு. உதவி கேட்பது அவிசுவாசமல்ல. எலியாவும் சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டுமென்று கேட்டான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளாமல் முதலாவது அப்பமும் தண்ணீரும் தந்தார்.

சபையே, கேட்டதைக் காத்துக்கொள்ளுகிற இருவரையாவது, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், வாலிபருக்கென்று ஏற்படுத்துங்கள். அவர்களிடம் சொன்ன சொல் ஜெபக் குறிப்பாகவும் வெளியே வரக்கூடாது. ஒரு பிள்ளையின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால்மட்டும், அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே, உதவி செய்யக்கூடியவரிடம் அவர்கள் பேசவேண்டும்.

நிறுவனங்கள் விதிமுறைகளை இன்னும் திருத்தும். புதிய கதை வடிவங்கள் இன்னும் வரும். அவை நன்றாக அமையவேண்டும் என்று ஜெபிப்போம், வேண்டிய இடத்தில் குரலும் கொடுப்போம். ஆனால் அந்தச் சிறுவனை இழந்த தாயின் கண்ணீர் நம்மிடம் கேட்கிற கேள்வி வேறு. நம் நடுவில் இன்றிரவு விழித்திருந்து திரையோடு பேசுகிற பிள்ளை யார்? அவனுடைய வலி நம்மில் யாருக்கு வலிக்கிறது? மூத்த குமாரன் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் உள்ளே உட்கார்ந்தபடி ஆளனுப்பவில்லை, தாமே எழுந்து வெளியே போனார்.

ஜெபம்: எங்கள் கதைகளை அறிந்திருக்கிற பரம பிதாவே, தனிமையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். மற்றவரின் வலியை உணரும் நரம்பை எங்கள் சபைகளில் உயிர்ப்பியும். கேட்கும் காதையும், காக்கும் நாவையும், எழுந்து போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.